ஓரணாக் கணக்கு: சர் பிட்டி தியாகராயரின் சென்னை

1920 டிசம்பர். இரட்டையாட்சி முறையின் கீழ் நடந்த முதல் தேர்தல் முடிந்திருந்தது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்குக் கிடைத்திருந்தன. காங்கிரஸ் தேர்தலைப் புறக்கணித்திருந்ததால் ஆட்சி யார் கைக்குப் போகும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆளுநர் வெலிங்டன் பிரபு வழக்கப்படி வெற்றி பெற்ற கட்சியின் தலைவரை அழைத்தார். முதன்மை அமைச்சராகப் பொறுப்பேற்று அமைச்சரவை அமைக்கச் சொன்னார். வடக்கே கஞ்சாம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை, மேற்கே மலபார் வரை விரிந்து கிடந்த மாகாணம் அது.

அழைக்கப்பட்டவருக்கு அப்போது வயது 68. கொருக்குப்பேட்டைக்காரர். நெசவாலை முதலாளி. பட்டம் பெற்றவர், பணம் படைத்தவர், கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் வேண்டாம் என்றார். கடலூர் சுப்பராயலு ரெட்டியாரின் பெயரைச் சொன்னார். டிசம்பர் 17 அன்று ரெட்டியார் பதவியேற்றார். பதவிக்காகக் கட்சி தொடங்கினார்கள் என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது என்பதே அவர் மறுத்ததற்குக் காரணம் என்று கட்சிக்காரர்கள் பிறகு எழுதினார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அவர் எல்லாப் பதவியையும் உதறியவர் இல்லை. அதே நாட்களில் ரிப்பன் மாளிகையில் சென்னை மாநகராட்சித் தலைவரின் நாற்காலியில் அவர்தான் அமர்ந்திருந்தார். அதை அவர் விடவில்லை. மாகாணத்தைவிட நகரம்தான் அவருக்கு நெருக்கமாக இருந்தது.

சர் பிட்டி தியாகராயரைத் தமிழ்நாடு இன்று கட்சி நிறுவனராகவே நினைவில் வைத்திருக்கிறது. திராவிட இயக்க மேடைகளில் நீதிக்கட்சியின் பெயர் வரும்போது நடேசனார், நாயர் பெயர்களோடு அவர் பெயரும் ஒலிக்கும். அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்ததோ தறிக்கூடத்திலும் நகரசபைக் கூட்டங்களிலும்தான். நீதிக்கட்சி பிறந்தபோது அவருக்கு 64 வயது. அதற்குள் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சி உறுப்பினராக இருந்து, குடிநீரும் சாக்கடையும் வரியும் குப்பையும் பேசிப் பேசிப் பழகியிருந்தார். அந்த மனிதரைப் புரிந்துகொள்ள வடசென்னையிலிருந்து தொடங்க வேண்டும்.

1852 ஏப்ரல் 27-இல் பிறந்தார். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம். தேவாங்கருக்கு நெசவு குலத்தொழில். கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வட்டாரமோ கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே துணியை நம்பிப் பிழைத்த பகுதி. நெய்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள், வெளுத்தவர்கள் எல்லாரும் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தார்கள். வெளுப்பவர்கள் குடியிருந்ததால்தான் வண்ணாரப்பேட்டைக்கே அந்தப் பெயர். ஜார்ஜ் கோட்டையில் இருந்த கம்பெனி கப்பலேற்றிய துணியில் ஒரு பங்கு இந்தத் தெருக்களின் வழியாகப் போனதுதான்.

பையனைக் குடும்பம் மாநிலக் கல்லூரிக்கு அனுப்பியது. 1876-இல் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் நேராக அரசு வேலை, இல்லையென்றால் சட்டம். பட்டம் வாங்கிய தியாகராயர் தொழிலுக்குத் திரும்பினார். நெசவு, தோல் பதனிடுதல், உப்பு, சுண்ணாம்பு எனக் குடும்ப வணிகம் பல கிளைகளாக இருந்தது. அவர் மனம் வைத்தது நெசவில். ஏறத்தாழ நூறு தறிகளோடு 'பிட்டி நெசவாலை' நடந்தது.

அந்தத் தறிக்கூடத்தில் அவர் செய்த ஒரு மாற்றத்தைக் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம். பழைய குழித்தறியில் நெசவாளர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும். அந்த இடைவெளிக்குள் ஊடை நூல் சுற்றிய நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் வாங்க வேண்டும். பிறகு பலகையை இழுத்து அடித்து ஊடையை நெருக்க வேண்டும். எறிவதற்கு ஒரு கணம், வாங்குவதற்கு ஒரு கணம், அடிப்பதற்கு ஒரு கணம். இரண்டு கைகளுக்கு எட்டும் தூரம்தான் துணியின் அகலம். விசைநாடாத் தறியில் மேலேயிருந்து ஒரு கயிறு தொங்கும். அதை ஒரு கையால் சுண்டினால் இந்தப் பக்கப் பெட்டியிலிருந்து நாடா பாய்ந்து அந்தப் பக்கப் பெட்டிக்குள் போய் நிற்கும். இன்னொரு கை எப்போதும் பலகையிலேயே இருக்கும். வேகம் கூடும். கை எட்டாத அகலத்திலும் துணி நெய்யலாம்.

இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் கண்டுபிடித்த உத்தி இது. நம் ஊர்த் தறிகளுக்குப் பரவலாக வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மாகாண அரசின் சார்பில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் நெசவுக்கூடம் ஒன்றை வைத்து முயன்று பார்த்தார். நெசவாளர்கள் வீட்டுத் தறியை விட்டுவிட்டு ஒரு கூரையின் கீழ் நேரங்காட்டிப்படி வேலை செய்ய விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. தியாகராயர் தம் சொந்தத் தறிகளில் விசைநாடாவைப் பூட்டினார். நெசவாளர் சாதியில் பிறந்த முதலாளி, தம் கூடத்திலேயே ஓட்டிக் காட்டியதற்கு அரசு அதிகாரியின் அறிவுரையைவிட மதிப்பு அதிகம்.

சென்னைக் கைத்தறிக்கு அப்போது கடல் கடந்த சந்தை இருந்தது. 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர் பெற்ற கட்டம்போட்ட துணியை மேற்கு ஆப்பிரிக்காவில் விரும்பி வாங்கினார்கள். பெயர்தான் கைக்குட்டை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றடிச் சதுரம். அங்கே பெண்கள் அதை உடுத்தினார்கள், தலையில் கட்டினார்கள், சடங்குகளில் பயன்படுத்தினார்கள். மான்செஸ்டர் ஆலைத்துணி இந்தியச் சந்தையை நிரப்பிய காலத்தில், ஆலையால் அப்படியே நகலெடுக்க முடியாத துணிதான் கைத்தறிக்காரனுக்குச் சோறு போட்டது. எது விற்கும், எது விற்காது, ஒரு கெஜத்துக்கு நூல்செலவு என்ன, கூலி என்ன என்று பார்த்தே வளர்ந்தவர் தியாகராயர். மேடையில் ஏறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வணிகத்தில் இன்னொரு மதிலும் இருந்தது. சென்னையின் வர்த்தகச் சங்கம் 1836 முதல் ஐரோப்பியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. துறைமுகம், ரயில்கட்டணம், சுங்கம் எதுவானாலும் அரசு கேட்டது அவர்கள் குரலைத்தான். 1906-இல் அர்பத்னாட் கம்பெனி திவாலானபோது இந்தியக் குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பு ஒரே நாளில் போயிற்று. சொந்த வங்கி வேண்டும், சொந்தச் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் அதன்பிறகு வலுத்தது. 1909-இல் தென்னிந்திய வர்த்தகச் சங்கம் உருவானது. அதை நிறுவியவர்களில் ஒருவர் தியாகராயர். தலைவராகப் பல ஆண்டுகள் அதை நடத்தியவரும் அவரே.

இனி நகரசபை. 1882-இல் உறுப்பினராக நுழைந்தவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். இப்படி ஒரு நீளம் இன்று எந்த மாமன்ற உறுப்பினருக்கும் கற்பனைக்கு எட்டாதது.

சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் சாசனத்தின்படி நதானியேல் ஹிக்கின்சன் முதல் மேயரானார். ஆனால் தியாகராயர் நுழைந்தபோது மேயர் பதவி வழக்கொழிந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அரசு நியமிக்கும் ஆங்கில அதிகாரி ஒருவரே தலைவராக இருந்து நிர்வாகத்தையும் கையில் வைத்திருந்தார். உறுப்பினர்கள் பேசலாம், கேள்வி கேட்கலாம், வரவுசெலவைக் குடையலாம். வரி கட்டும் சிறு கூட்டத்துக்கு மட்டுமே வாக்கு. அந்தக் குறுகிய வாசல் வழியாகப் போனவர்களில் எத்தனையோ பேர் பட்டத்துக்காகப் போனார்கள். தியாகராயர் அங்கேயே தங்கி, சட்டவிதிகளைத் தலைகீழாகப் படித்து, அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார்.

நகரம் அவர் கண்முன்னே மாறியது. 1895-இல் மின்சார டிராம் ஓடியது. 1913-இல் ஏழரை லட்சம் ரூபாய்ச் செலவில் ரிப்பன் மாளிகை எழுந்தது. லோகநாத முதலியார் கட்டிய அந்த வெள்ளைக் கட்டடத்தை வைசிராய் ஹார்டிஞ்ச் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. செங்குன்றம் ஏரித் தண்ணீர் வடிகட்டப்பட்டுக் குழாய்களில் வரத் தொடங்கியது. நாம் இன்று சாதாரணமாகத் திறக்கும் குழாய்க்குப் பின்னால் எத்தனை ஆண்டு வாக்குவாதம் இருக்கிறது என்பதை நகராட்சி வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். காலராவால் ஆண்டுதோறும் செத்த நகரம் அது.

தண்ணீர் விஷயத்தில்தான் அவருக்கும் டாக்டர் டி.எம்.நாயருக்கும் மோதல் வந்தது. நாயர் திருவல்லிக்கேணி உறுப்பினர். பிரிட்டனில் படித்த மருத்துவர், கூர்மையான பேச்சாளர், கோயில் சடங்குகளில் ஈடுபாடு இல்லாதவர். தியாகராயரோ பக்திமான். பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு மாநகராட்சி தண்ணீர் தருவது பற்றிய விவாதத்தில் இலவசமாகத் தரலாம் என்றார் தியாகராயர், கட்டணம் வாங்க வேண்டும் என்றார் நாயர். பல ஆண்டுகள் இருவரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். பின்னால் ஒரே கட்சியின் இரு தூண்களாகப் போகிறவர்கள் என்று அன்று யாரிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அவர்களைச் சேர்த்துவைத்தவர் டாக்டர் சி.நடேச முதலியார். திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்களுக்கு விடுதி நடத்திவந்தவர். சேர்வதற்கான காரணத்தைக் காலம் தந்தது. தியாகராயர் அதுவரை காங்கிரசின் நண்பர். 1916-இல் நடந்த தேர்தல்களில் மத்திய சட்டமன்றத்துக்கு நின்ற நாயர் சீனிவாச சாஸ்திரியிடம் தோற்றார். தியாகராயரும் அதே ஆண்டு உள்ளூர்த் தேர்தலில் தோற்றார். கும்பாபிஷேகத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தும் மேடையில் தமக்கு இடமில்லை என்று அவர் அவமதிக்கப்பட்ட கதையை இயக்க வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எந்தக் கோயில் என்பதில் சொல்பவர்களுக்குள் வேறுபாடு உண்டு. கதை நிலைத்ததற்குக் காரணம், அதைக் கேட்ட ஒவ்வொரு பிராமணரல்லாத குடும்பத்திலும் அதுபோல ஒன்று நடந்திருந்ததுதான்.

1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் எத்திராஜ முதலியார் வீட்டில் கூடினார்கள். அங்கே பிறந்த தென்னிந்திய மக்கள் சங்கம், பத்திரிகை நடத்துவதற்கான கூட்டுப்பங்கு நிறுவனம். இதில் வணிகரின் கை தெரிகிறது. முதலில் பங்கு, பிறகு அச்சகம், பிறகு பத்திரிகை. ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்', தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திர பிரகாசிகா'. 'ஜஸ்டிஸ்' 1917 பிப்ரவரியில் வெளிவந்தது. கட்சியின் முறையான பெயர் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம்; அந்த ஏட்டின் பெயரே அதற்கு மக்கள் வழங்கிய பெயராயிற்று.

1916 டிசம்பரில் தியாகராயர் கையொப்பமிட்டு வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கையைப் படிப்பவர்கள் அதில் ஆவேசத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவார்கள். அது ஒரு வணிகரின் பேரேடு போல இருக்கிறது. மாகாணத்தில் 128 நிரந்தர மாவட்ட முன்சீப்கள். அவர்களில் 93 பேர் பிராமணர். துணை கலெக்டர்கள் 140. அவர்களில் 77 பேர் பிராமணர். மக்கள்தொகையில் மூன்று விழுக்காடு அளவே இருந்த சமூகம் இது. பல்கலைக்கழகம், நீதித்துறை, சட்டமன்றம் என ஒவ்வொரு துறையாக எண்ணிக் காட்டுகிறது. கோபப்பட்டவர்கள் அவரை வகுப்புவாதி என்றார்கள். எண்களை மறுக்க அவர்களால் முடியவில்லை. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் இடஒதுக்கீடு பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் கையாண்ட முறைக்கு, எண்ணி வைத்துப் பேசும் முறைக்கு, இந்த அறிக்கை ஒரு தொடக்கம் என்று சொல்லலாம்.

நாயர் 1919 ஜூலையில் லண்டனில் காலமானார். கட்சியின் முழுப் பாரமும் தியாகராயர் தோளில் விழுந்தது. அதே ஆண்டு மாநகராட்சிக்குப் புதிய சட்டம் வந்தது. தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கலாம். அன்றாட நிர்வாகத்தை ஆணையர் பார்ப்பார். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியத் தலைவராகத் தியாகராயர் அமர்ந்தார். மேயர் என்ற பெயர் 1933-இல் ராஜா முத்தையா செட்டியார் காலத்தில்தான் திரும்பி வந்தது. நாம் இன்று மேயர் என்று சொல்லும் பொறுப்பைச் சென்னையில் முதலில் வகித்த இந்தியர் தியாகராயரே.

அப்போது நகரத்தின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். மாநகராட்சிப் பள்ளிகள் இருந்தன, பிள்ளைகள் இல்லை. பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சு காலியாக இருக்கும். ஆயிரம்விளக்குப் பள்ளியைச் சுற்றியிருந்தவர்கள் கூலிவேலைக் குடும்பத்தினர். காலையில் பெரியவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். பையன் பட்டினியோடு பள்ளிக்கு வருவதைவிட எங்காவது எடுபிடி வேலைக்குப் போனால் வயிற்றுக்கு ஏதாவது கிடைக்கும். இதில் பெற்றோரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அன்றைய கல்வி அதிகாரிகள் பலர் சொன்னார்கள், ஏழைகளுக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை என்று.

தியாகராயர் அப்படிச் சொல்லவில்லை. 1920 செப்டம்பர் 16 அன்று மாமன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கலாம். செலவு ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓரணாவைத் தாண்டக்கூடாது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று தலைவர் விளக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. அந்த உச்சவரம்பைப் பார்த்துச் சிலர் கஞ்சத்தனம் என்று நினைக்கக்கூடும். எனக்கு அதில்தான் அந்த மனிதரின் அக்கறை தெரிகிறது. வாரிக்கொடுக்கும் தர்மப்பிரபு ஒருநாள் சோறு போட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்த மாதமும், அடுத்த ஆண்டும், வேறு தலைவர் வந்த பிறகும் நடக்க வேண்டுமென்றால் வரவுசெலவுத் திட்டத்தில் இடம் வேண்டும். தணிக்கையாளர் கேட்டால் பதில் வேண்டும். தலைக்கு ஓரணா என்ற வரம்பு அந்தப் பதில்தான். அன்னதானமாக இருந்ததை நகராட்சியின் செலவினமாக மாற்றினார். அதுவரை கோயிலிலும் சத்திரத்திலும் புண்ணியத்துக்காகப் போட்ட சோறு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் உரிமைக்கு அருகே வந்தது. பிறகு வேறு நான்கு பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. சேத்துப்பட்டும் மீர்சாகிப்பேட்டையும் அவற்றில் உண்டு.

அவருடைய பெருமையை எழுதும்போது 1921-ஐத் தாண்டிப் போய்விடக் கூடாது. அந்த ஆண்டு பெரம்பூரில் பின்னி நிர்வாகத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று வளர்த்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் போராட்டம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். கூலியில்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாத நிலை அவர்களுக்கு. சண்டை ஆலை வாசலிலிருந்து தெருவுக்கு வந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின.

வீடிழந்தவர்கள் ஆதிதிராவிடர்கள். அந்த நேரத்தில் நீதிக்கட்சித் தலைவர்கள் அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறது என்று பேசினார்கள். கட்சி ஏடும் அதே குரலில் எழுதியது. கட்சித் தலைவராக இருந்தவர் தியாகராயர். பிராமணரல்லாதாருக்குக் கணக்குக் கேட்ட கட்சி, அவர்களிலேயே கடைசியில் நின்றவர்களின் கணக்கைப் பார்க்க மறந்தது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி.ராஜா மனம் கசந்து 1923-இல் கட்சியை விட்டு விலகினார். இதை ஒரு சிறு சறுக்கல் என்று சொல்ல முடியாது. நெசவாளர், வேளாளர், வணிகர் என இடைநிலைச் சாதிகளின் முதலாளிகள் கூடி நடத்திய கட்சியின் எல்லை எது என்பது அங்கே தெரிந்துவிட்டது. அவரை மதிக்கிறவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

அவர் உடை வெள்ளை. வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை நீள அங்கி, வெள்ளை வேட்டி. 'வெள்ளுடை வேந்தர்' என்ற பட்டம் அதனால் வந்தது. 1922 ஜனவரி 13 அன்று வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். நகரத்தின் முதல் குடிமகன் என்ற முறையில் வரவேற்க வேண்டியவர் மாநகராட்சித் தலைவர். அரச வரவேற்புக்கென்று உடை விதிகள் இருந்தன. தம் வழக்கமான உடையில்தான் வருவேன், இல்லையென்றால் வரவில்லை என்று தியாகராயர் சொன்னதாகவும், வெலிங்டன் இசைந்ததாகவும், அப்படியே வெள்ளுடையில் நின்று இளவரசரை வரவேற்றதாகவும் கட்சி வரலாறுகள் பதிவு செய்கின்றன. அன்று நகரத்தில் காங்கிரசின் கடையடைப்பு, கலவரம், வெலிங்டன் திரையரங்கு தாக்கப்பட்டது. இளவரசரைப் புறக்கணித்தவர்களின் பார்வையில், எந்த உடையில் நின்றாலும் அவர் அரசின் ஆள்தான். 'சர்' பட்டம் வாங்கியவர் வேறு. வெள்ளையரோடு ஒத்துப்போய்ச் சமூகநீதியை வாங்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில், அரசு வேலைகளில் வகுப்புவாரியாக இடம் தரும் வகுப்புரிமை அரசாணைகள் கிடைத்தன. கிலாபத்தும் ஒத்துழையாமையும் கிளப்பிய மக்கள் அலை கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட முடியும்.

அவர் பெயர் தாங்கிய தியாகராய நகர், அவர் வாழ்ந்த பகுதிக்கு நேர் எதிர்த் திசையில் அமைந்தது. 1920-களில் மாம்பலத்தில் நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்து மனைகள் பிரித்தார்கள். புதுநகருக்கு அவர் பெயர். பூங்காவுக்கு, ரெட்டியாருக்குப் பின் முதன்மை அமைச்சரான பனகல் அரசர் பெயர். நாயருக்கும் நடேசனாருக்கும் உஸ்மானுக்கும் சாலைகள், பூங்காக்கள். தெருப்பலகைகளை வரிசையாகப் படித்தால் நீதிக்கட்சியின் செயற்குழுப் பட்டியல் போல இருக்கும். பாண்டிபஜாரில் தோளில் பைகளோடு நடப்பவர்கள் சர் தியாகராயா சாலையில்தான் நடக்கிறார்கள். நாட்டிலேயே பெரிய சேலைச் சந்தைகளில் ஒன்று ஒரு நெசவாளரின் பெயரைத் தாங்கி நிற்பது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமானது. வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி இருக்கிறது; 2021 முதல் அந்தப் பெயரில் மெட்ரோ நிலையமும் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் தறியோசைதான் இல்லை.

1923 தேர்தலில் நீதிக்கட்சி மறுபடி வென்றது. ஆனால் இடங்கள் குறைந்தன. சி.ஆர்.ரெட்டி போன்றவர்கள் பிரிந்துபோனார்கள். பனகல் அரசர் அமைச்சரவை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து தோற்றது. தியாகராயருக்கு எழுபது கடந்திருந்தது. மாநகராட்சித் தலைவர் நாற்காலியிலிருந்தும் இறங்கியிருந்தார். 1925-இல் காலமானார். கட்சித் தலைமை பனகல் அரசருக்குப் போயிற்று.

அதே 1925, சிற்றுண்டித் திட்டத்துக்கும் சோதனையான ஆண்டு. திட்டம் நடந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-இல் 811 பிள்ளைகள் படித்தார்கள். 1924-25-இல் 1,671. இரண்டே ஆண்டில் இரண்டு மடங்கு. சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்று அவர் சொன்னது எண்ணாகவே நிரூபணமாயிற்று. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட முடியாது என்று அரசு முட்டுக்கட்டை போட்டது. 1925 ஏப்ரல் முதல் தேதியோடு சிற்றுண்டி நின்றது. பிள்ளைகள் வந்தார்களா, படித்தார்களா என்று அந்த ஆணையை எழுதியவர்கள் கேட்கவில்லை. எந்தக் கணக்கில் எழுதுவது என்பதே அவர்களுடைய கேள்வி.

மாநகராட்சி விடாமல் கேட்டுக் கேட்டு, சில காலத்துக்குப் பிறகு சுருங்கிய அளவில் திட்டத்தை மீட்டது. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தமிழ்நாடு முழுவதற்கும் கொண்டுபோனபோதும் நிதி எங்கே என்றுதான் அதிகாரிகள் முதலில் கேட்டார்கள். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் அதே கேள்வி எழுந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறுநாள், ஆயிரம்விளக்குத் தீர்மானத்துக்கு 102 வயது நிறைந்தது. அடுத்த ஆண்டு அது மாநிலம் முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.